லோலிடாவா, ஜாஸா, பங்க்கா, பாலேயா? தோழிகளைப் பற்றிய நான்கு ஜப்பானியப் படங்களில் எதை முதலில் பார்ப்பது

"சித்தி, இன்னைக்கு ராத்திரி பார்க்க ஒரு ஜப்பான் படம் சொல்லு. அனிமே வேண்டாம், மனுஷங்க நடிச்சது. பொண்ணுங்க படமா இருக்கணும், ஆனா காதல் கதை வேண்டாம்."

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்த அக்கா மகள் கேட்ட கேள்வி இது. கொஞ்ச நாளிலேயே அலுவலகத் தோழி ஒருத்தியும் ஏறக்குறைய இதையே கேட்டாள். அவள் வீட்டிலும் பதினைந்து வயதில் ஒரு பெண் இருக்கிறாள். இந்தக் கேள்விக்கு எங்கே பதில் தேடினாலும் நான்கு பெயர்கள் ஒட்டிக்கொண்டே வரும்: 'ஷிமோட்சுமா மொனொகதாரி' (வெளிநாடுகளில் இதன் பெயர் 'காமிகாஸே கேர்ள்ஸ்'), 'ஸ்விங் கேர்ள்ஸ்', 'லிண்டா லிண்டா லிண்டா', 'ஹானா அண்ட் ஆலிஸ்'. முதல் இரண்டும் கடைசியும் 2004-இல் வந்தவை, 'லிண்டா' 2005-இல். நான்குமே பள்ளி வயதுப் பெண்களைப் பற்றியவை, நான்கிலும் சிரிப்பு உண்டு. பட்டியலில் பார்த்தால் ஒன்றுக்கொன்று மாற்றாகத் தெரியும். பார்த்து முடித்தால் அப்படித் தெரியாது. தப்பான நாளில் தப்பான ஆளோடு பார்த்தால் நல்ல படமும் அரை மணி நேரத்தில் அணைக்கப்படும். எங்கள் வீட்டிலேயே ஒருமுறை அது நடந்திருக்கிறது.

எதை வைத்து எடைபோடுவது

மதிப்பெண், விருது, கதைச்சுருக்கம் மூன்றையும் ஒதுக்கிவிட்டேன். நான் பார்த்தவை ஐந்து.

முதலாவது, அந்தப் பெண்களின் நட்பு எதில் நிற்கிறது என்பது. ஒரே வேலையைச் சேர்ந்து செய்வதால் வந்த நட்பா, சிறுவயதிலிருந்து வந்ததா, எந்தக் காரணமும் இல்லாமல் வந்ததா? எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது.

இரண்டாவது, சிரிப்பு எந்த ரகம். மூன்றாவது, படத்துக்குள் நுழைய ஜப்பானைப் பற்றி முன்கூட்டி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும். நான்காவது, பக்கத்தில் உட்காரப் போவது யார்: அம்மாவா, பத்து வயதுத் தம்பியா, கல்லூரித் தோழியா? ஐந்தாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வசன வரியில் எது தொலைந்துபோகிறது? நாம் ஆங்கில வரிகளை வாசித்துத்தான் பார்க்கப்போகிறோம். பேச்சுவழக்கில் உயிர் இருக்கும் படங்களுக்கு இது பெரிய இழப்பு.

ஷிமோட்சுமா மொனொகதாரி (2004, 102 நிமிடம்)

தலைப்பின் நேர்ப்பொருள் 'ஷிமோட்சுமா கதை'. நொவாலா தாகெமோத்தோ 2002-இல் எழுதிய நாவலைத் தெத்சுயா நகாஷிமா படமாக்கினார். ஷிமோட்சுமா உண்மையான ஊர்தான். டோக்கியோவுக்கு வடக்கே இபராக்கி மாவட்டத்தில், சுற்றிலும் வயல்களோடு இருக்கிறது. அந்த ஊருக்குப் போகும் ஜோசோ ரயில் தடம் இன்றும் டீசலில்தான் ஓடுகிறது. ககியோக்கா என்ற இடத்தில் பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் ஆய்வுக்கூடம் ஒன்று பக்கத்திலேயே இருப்பதால், அந்த அளவீட்டைக் குலைக்கும் வழக்கமான நேர்மின்னோட்டக் கம்பி அங்கே போட முடியாது. டோக்கியோவின் ஓரத்தில் இருந்துகொண்டே டோக்கியோவிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் ஊர் என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விவரம் போதும். படத்தின் நாயகி தனக்குப் பிடித்த ஒரு கவுன் வாங்க அந்த ரயிலில் ஏறி, மாறி மாறிப் போய் டோக்கியோவின் டைகன்யாமாவில் இறங்குகிறாள். அவளுக்கு அது புனித யாத்திரை.

அவள் பெயர் மொமோகோ, க்யோகோ ஃபுகாடா நடித்தது. 'மொமோ' என்றால் பீச் பழம். பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சில் அலங்காரம் கொழித்த ரொக்கொக்கோ காலத்தில் பிறந்திருக்க வேண்டியவள் என்பது அவளுடைய உறுதியான நம்பிக்கை. லேஸ், ஃப்ரில், குடைபோல விரியும் பாவாடை, தலையில் நாடா கட்டிய பானெட் தொப்பி என்று வயல் வரப்பில் நடந்து போகிறாள். இந்த உடைப் பாணிக்கு ஜப்பானில் 'லோலிடா' என்று பெயர். பெற்றோர் இந்தச் சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிப்பார்கள். அந்தப் பெயரில் ஒரு மேலைநாட்டு நாவல் இருப்பதுதான் காரணம். ஜப்பானியப் பாணியில் அந்த அர்த்தம் எதுவும் இல்லை. கழுத்துவரை மூடி, முழங்கால்வரை இறக்கி, பொம்மை போல உடுத்திக்கொள்ளும் இந்தப் பெண்கள் ஆண்களின் கண்ணுக்காக உடுத்துவதில்லை. தங்களுக்காக உடுத்துகிறார்கள். மொமோகோ வாங்குவது 'பேபி, தி ஸ்டார்ஸ் ஷைன் பிரைட்' என்ற கடையில். 1988-இல் தொடங்கிய உண்மையான நிறுவனம் அது. படத்துக்குள் அந்தக் கடையும் ஒரு பாத்திரம்.

இன்னொருத்தி இச்சிகோ, அன்னா த்சுசியா நடித்தது. 'இச்சிகோ' என்றால் ஸ்ட்ராபெர்ரி. அவள் 'யாங்கி'. ஜப்பானில் இந்தச் சொல்லுக்கும் அமெரிக்கர்களுக்கும் இப்போது சம்பந்தமில்லை. அடங்காத, அடிதடிக்கு அஞ்சாத பிள்ளைகளை அப்படிச் சொல்வார்கள். ஜோடித்த ஸ்கூட்டரில் உறுமிக்கொண்டு வருவாள். பெண்கள் மட்டுமே உள்ள ஒரு வண்டிக் கும்பலில் அவள் உறுப்பினர். அவர்கள் அணியும் நீண்ட அங்கிக்குப் பெயர் 'தொக்கோஃபுக்கு', முதுகிலும் கையிலும் தங்க நூலில் வீர வசனங்கள் தைத்திருக்கும். 'தொக்கோ' என்றால் சிறப்புத் தாக்குதல். போர்க்காலத்தின் காமிகாஸே விமானிகளோடு ஒட்டிய சொல். வெளிநாட்டுத் தலைப்பில் காமிகாஸே வந்ததற்கான கண்ணி இதுவாகத்தான் இருக்க முடியும். போர்ப் படம் என்று நினைத்து யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

இருவரும் சந்திப்பது ஒரு போலிச் சட்டையால். மொமோகோவின் அப்பா பெரிய பிராண்டுகளின் போலித் துணி விற்றுப் பிழைத்தவர். ஆமகசாகி என்ற தொழில் நகரத்திலிருந்து மகளோடு ஓடிவந்து, பாட்டி வீட்டில் ஒளிந்திருக்கிறார். (பாட்டியாக வருபவர் கிரின் கிகி. 'ஷாப்லிஃப்டர்ஸ்' பார்த்தவர்களுக்கு அந்த முகம் மறக்காது.) மிச்சமிருந்த போலிச் சரக்கை விற்க மொமோகோ ஒரு விளம்பரம் கொடுக்கிறாள். கோணல்மாணல் எழுத்தில் ஒரு கடிதம் வருகிறது. யாரோ சின்னப் பிள்ளை என்று நினைக்கிறாள். வந்து நிற்பது இச்சிகோ.

நான் இந்தப் படத்தை மற்ற மூன்றுக்கும் மேலே வைப்பதற்கான காரணம் இங்கேதான் தொடங்குகிறது. மொமோகோவுக்குத் தோழி வேண்டாம். தனியாக இருப்பதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. இச்சிகோ வந்துகொண்டே இருக்கிறாள். கூப்பிடாமல் வருகிறாள், முட்டுகிறாள், துப்புகிறாள், கத்துகிறாள். இருவருக்கும் பொதுவான லட்சியம் கிடையாது. சேர்ந்து ஜெயிக்க ஒரு போட்டியோ மேடையோ கிடையாது. ஒருத்தியின் உலகம் இன்னொருத்திக்குக் கடைசிவரை புரிவதும் இல்லை.

ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் இருவரும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். மொமோகோ தன் ரொக்கொக்கோவுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பிந்திப் பிறந்தவள். இச்சிகோவும் பிந்தி வந்தவள்தான். வண்டிக் கும்பல்கள் உச்சத்தில் இருந்தது 1980-களின் தொடக்கத்தில். அப்போது போலீஸ் கணக்கிலேயே நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள். இவள் அங்கியை மாட்டும்போது அந்தக் காலம் போய்விட்டது. ஊரிலுள்ள மற்ற எல்லாரும் ஜஸ்கோ என்ற பேரங்காடியில் சட்டை எடுத்து நிம்மதியாக இருக்கிறார்கள். மொமோகோவின் கவுனைப் பார்த்து, அது ஜஸ்கோவில் எடுத்ததில்லையா என்று வியப்பவர்கள் அவர்கள். (அந்தப் பெயர்ப் பலகைகளே 2011-இல் இயான் என்று மாறிவிட்டன. இப்போது பார்க்கும்போது அந்தக் கிண்டலின் மேல் ஒரு பழைய புகைப்படத்தின் வாசனை.) போன காலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இருவர், தாங்கள் ஒரே மாதிரி இருப்பதை அறியாமலே ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்வதை வேறெந்தப் படத்திலும் இவ்வளவு துல்லியமாக நான் பார்த்ததில்லை.

திருப்பம் தையலில் வருகிறது. மொமோகோவுக்கு எம்பிராய்டரி கைவந்த கலை. இச்சிகோவின் அங்கியில் எழுத்துத் தைக்க டைகன்யாமாவில் ஒரு கடையைத் தேடி அலைகிறார்கள். கிடைப்பதில்லை. அப்போது மொமோகோ, நானே தைத்துத் தருகிறேன் என்கிறாள். இன்னொருவருக்காக அவள் வாயிலிருந்து வரும் முதல் சொல் அது. பிறகு இரவு பகலாக ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கிறாள். நட்பு பற்றி அங்கே ஒரு வசனமும் இல்லை. வசனம் தேவையும் இல்லை.

இனி இந்தப் படம் கேட்கும் விலை. நகாஷிமா விளம்பரப் படங்களிலிருந்து வந்தவர். முதல் கால் மணி நேரம் கண்ணைப் பறிக்கும்: நாயகி காய்கறி வண்டியில் மோதி ஆகாயத்தில் பறக்கிறாள், கதை பின்னோக்கி ஓடுகிறது, கேமராவைப் பார்த்துப் பேசுகிறாள், டிவி நிகழ்ச்சி மாதிரி ஒரு துண்டு, நடுவில் அனிமேஷன். எங்கள் வீட்டில் அணைக்கப்பட்ட படம் இதுதான். அம்மாவோடு பார்த்தேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் "தலை சுத்துதுடி" என்று எழுந்து போய்விட்டார். அனிமே பழகிய பிள்ளைகளுக்கு இந்த வேகம் ஒரு பொருட்டே இல்லை. பழகாதவர்களிடம், இருபதாவது நிமிடத்துக்கு மேல் படம் நிதானிக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது வன்முறை. தலையால் முட்டுவதெல்லாம் விளையாட்டு. கடைசியில் வரும் சண்டையில் ரத்தம் நிஜமாகவே தெரியும். அது நடப்பது உஷிக்கு என்ற ஊரின் மாபெரும் புத்தர் சிலை தெரியும் வெளியில். பீடத்தோடு 120 மீட்டர் உயரமான அந்தச் சிலையின் பின்னணியில் லேஸ் கவுன் போட்ட பெண் ஒருத்தி செய்யும் காரியத்தை இங்கே சொல்லப்போவதில்லை. பதின்மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு இந்தப் படம் வேண்டாம். மொமோகோ கவுனுக்காக அப்பாவிடம் பொய் சொல்லிப் பணம் வாங்குவதை அதட்டாமல் படம் கடந்துபோகும். அதைப் பற்றிப் பேச விரும்பும் பெற்றோர் படம் முடிந்தபின் பேசலாம்.

வசன வரியில் தொலைவது அதிகம். மொமோகோ நாசூக்காகப் பேசுபவள். இச்சிகோ ஆண்கள் பேசும் முரட்டுப் பேச்சைப் பேசுபவள். ஒருத்தி 'தாங்கள்' என்றும் மற்றவள் 'டேய்' என்றும் ஒரே மேசையில் பேசிக்கொண்டால் நம் காதுக்கு எப்படி இருக்கும்? அந்தச் சுவையில் பாதி ஆங்கில வரியில் வற்றிவிடுகிறது. மொழி தெரியாவிட்டாலும் குரலின் ஏற்ற இறக்கத்துக்குக் காது கொடுங்கள். மிச்சப் பாதி கிடைக்கும்.

*இது சரியான தேர்வாகும் நேரம்:* கூட்டத்தில் ஒட்டாத பிள்ளை வீட்டில் இருந்தால். 'எனக்கு யாரும் வேண்டாம்' என்று கதவைச் சாத்திக்கொள்ளும் வயதில் இருந்தால். அல்லது உடை, தையல், ஓவியம் என்று கையால் செய்யும் வேலையில் பித்து இருந்தால்.

ஸ்விங் கேர்ள்ஸ் (2004, 105 நிமிடம்)

ஷினோபு யாகுச்சி எடுத்தது. நீச்சல் குளத்தில் நடனமாடும் பையன்களின் கதையான 'வாட்டர்பாய்ஸ்' (2001) அவருடையதுதான். வடகிழக்கில் உள்ள யமகத்தா மாவட்டத்துப் பள்ளி. கோடை விடுமுறையில் கணக்குப் பாடத்துக்குத் தனி வகுப்பில் மாட்டிக்கொண்ட மாணவிகள், பள்ளியின் இசைக்குழுவுக்குச் சாப்பாட்டுப் பொட்டலங்களைக் கொண்டுபோகும் சாக்கில் வகுப்பிலிருந்து தப்பிக்கிறார்கள். ரயிலில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, வெயிலில் நடக்கிறார்கள். சாப்பாடு கெட்டுப்போகிறது. குழு மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுகிறது. பழிக்குப் பரிகாரமாக அவர்களே வாத்தியங்களைக் கையில் எடுக்க வேண்டிய நிலை. இஷ்டமில்லாமல் தொடங்கியது ஜாஸ் பித்தாக மாறுகிறது.

இந்தப் படத்தில் ஏமாற்று இல்லை. ஜூரி உவெனோ உள்ளிட்ட நடிகைகள் வாத்தியங்களைக் கற்றுக்கொண்டு தாங்களே வாசித்தார்கள். கடைசிக் கச்சேரியில் 'சிங், சிங், சிங்' என்ற ஜாஸ் பாட்டு ஒலிக்கும்போது அவர்கள் உதட்டையும் விரலையும் பாருங்கள். அந்த வியர்வை நிஜம்.

குறை என்றால், நட்பு இங்கே குழுவுக்குச் சொந்தம். நாலைந்து பேரைத் தவிர மற்றவர்கள் முகமாகவே நின்றுவிடுகிறார்கள். நடுவில் வாத்தியம் வாங்கப் பணம் சேர்க்கும் பகுதி சற்று இழுக்கிறது. முடிவு எப்படி இருக்கும் என்பது இருபதாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்தாலும் கை தட்டத்தான் தோன்றும். யமகத்தாவின் கிராமத்துப் பேச்சு படத்தின் பாதிச் சிரிப்பு. அது வசன வரியில் வராது. ஆனால் விழுவது, ஓடுவது, காட்டுப் பன்றி துரத்துவது என்று மீதிச் சிரிப்புக்கு மொழியே வேண்டாம்.

*இது சரியான தேர்வாகும் நேரம்:* பாட்டி முதல் பேரன் வரை ஒரே அறையில் இருக்கும்போது. வசன வரி வாசிக்கச் சோம்பல்படும் ஆள் கூட இருக்கும்போது. வயலினோ கீபோர்டோ கற்கத் தொடங்கி, விடலாமா என்று யோசிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

லிண்டா லிண்டா லிண்டா (2005, 114 நிமிடம்)

நொபுஹிரோ யமஷிதாவின் படம். பள்ளியின் கலைவிழாவுக்கு இன்னும் மூன்றே நாள். பெண்கள் ராக் குழு ஒன்று உடைந்துபோகிறது. மிஞ்சியவர்கள் 'தி ப்ளூ ஹார்ட்ஸ்' என்ற பங்க் (முரட்டு வேக ராக்) குழுவின் பாடல்களைப் பாடுவது என்று முடிவெடுக்கிறார்கள். தலைப்புக்குக் காரணமான 'லிண்டா லிண்டா' 1987-இல் வந்த பாட்டு, ஜப்பானில் ஒரு தலைமுறையே சேர்ந்து கத்திய பாட்டு. பாடகி இல்லை. அடுத்து இந்த வழியாக வருகிறவளைக் கேட்கலாம் என்கிறார்கள். வருபவள் சோன், ஜப்பானிய மொழி அரைகுறையாகத் தெரிந்த கொரிய மாணவி. கேள்வி சரியாகப் புரியாமலே தலையாட்டிவிடுகிறாள். தென்கொரியாவின் பே தூனா அந்தப் பாத்திரத்தில்.

வேறு வேறு உலகத்துப் பெண்கள் சேர்வது என்ற அளவில் ஷிமோட்சுமாவுக்கு மிக அருகில் இருப்பது இதுதான். அங்கே பிரிப்பது ரசனை, இங்கே மொழி. ஆனால் நடை முழுக்க எதிர்த்திசை. கேமரா அசையாது. பெண்கள் மாடியில் உட்கார்ந்து பேசுவார்கள், பேசாமலும் இருப்பார்கள். நள்ளிரவில் ஒத்திகை பார்த்து, தூங்கி, தாமதமாக எழுவார்கள். பெரிய சண்டையோ அழுகையோ கிடையாது. வேகமான நகைச்சுவையை எதிர்பார்த்து உட்கார்ந்தால் நாற்பதாவது நிமிடத்தில் கொட்டாவி வரும். பொறுத்தவர்களுக்குச் சன்னமான சிரிப்பு காத்திருக்கிறது. ஒரு பையன் சோனிடம் தன் காதலைச் சொல்லக் கொரிய மொழியில் பாடம் படித்துக்கொண்டு வந்து நிற்பான், அவளோ ஜப்பானியத்தில் பதில் சொல்வாள். இந்தக் காட்சியில் யார் எந்த மொழியில் பேசுகிறார் என்பதுதான் உயிர். வசன வரியில் இரண்டும் ஒரே எழுத்தாக வந்துவிடும். பக்கத்தில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் ரசிப்பார்கள்.

இன்னொரு விஷயம், மழை நாளில் வரும் கடைசிப் பாட்டுக்காகவே நல்ல ஸ்பீக்கர் வேண்டும். லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த இளம்பெண்களின் பங்க் குழு ஒன்று 'தி லிண்டா லிண்டாஸ்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டது இந்தப் படத்தைப் பார்த்துத்தான்.

*இது சரியான தேர்வாகும் நேரம்:* பள்ளி முடித்து ஊர் மாறிப் போகும் தோழிகளோடு கடைசியாக ஒரு ராத்திரி. புது மொழி பேசும் ஊரில் போய்ச் சேர்ந்த பிள்ளைக்கு. தனியாக, அவசரமில்லாமல் பார்க்க நேரம் கிடைத்த உங்களுக்கும்.

ஹானா அண்ட் ஆலிஸ் (2004, 135 நிமிடம்)

ஷுன்ஜி இவாயின் படம். கிட்கேட் சாக்லேட்டுக்காக இணையத்தில் வெளியான குறும்படங்களாகத் தொடங்கி, முழுப் படமாக வளர்ந்தது. ஹானாவும் ஆலிஸும் சிறுவயதுத் தோழிகள். ஹானாவுக்குப் பிடித்த பையன் தலையை ஷட்டரில் இடித்துக்கொள்கிறான். உனக்கு ஞாபகமறதி வந்துவிட்டது, நான் உன் காதலி என்று ஹானா சொல்லிவிடுகிறாள். அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஆலிஸையும் இழுக்கிறாள்.

அக்கா மகளின் 'காதல் கதை வேண்டாம்' என்ற நிபந்தனையில் இது முதலிலேயே அடிபட்டது. நான்கில் மிக நீளமானதும் இதுதான், போக்கும் வளைந்து வளைந்து போகும். சுருக்கமாகக் கடப்பதற்கு அதுதான் காரணம். படத்தின் மேல் எனக்கு மனக்குறை இல்லை. ஆலிஸாக வரும் யூ அவோய் காலில் காகிதக் கோப்பைகளை ஒட்டிக்கொண்டு பாலே ஆடும் காட்சியும், பிரிந்து வாழும் அப்பாவோடு ஆலிஸ் கழிக்கும் ஒரு பகலும், காதல் வேண்டாம் என்பவர்களையும் உட்கார வைக்கும். ஆனால் அவை தேடிப்போய்ப் பார்ப்பவர்களுக்கானவை, முதல் படமாகப் பார்ப்பவர்களுக்கு இல்லை. இருவரும் எப்படித் தோழிகளானார்கள் என்பதை 2015-இல் இவாயே அனிமேஷன் படமாக எடுத்தார், அதே நடிகைகளின் குரலோடு. அனிமே பிரியர்களுக்கு அது ஒரு கூடுதல் வாசல். 2004 படத்தைப் பார்த்துவிட்டு அதற்குப் போனால்தான் ருசி.

*இது சரியான தேர்வாகும் நேரம்:* நெருங்கிய தோழிக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு பையன் வந்து போயிருந்தால்.

ஒரு பார்வையில்

| | ஷிமோட்சுமா | ஸ்விங் கேர்ள்ஸ் | லிண்டா | ஹானா அண்ட் ஆலிஸ் |
|---|---|---|---|---|
| நட்பு நிற்பது | காரணமே இல்லாமல் | சேர்ந்து வாசிப்பதில் | மூன்று நாள் ஒத்திகையில் | சிறுவயதுப் பழக்கத்தில் |
| சிரிப்பு | அதிரடி, விசித்திரம் | விழுந்து எழும் சிரிப்பு | சன்னமானது | மென்மை, சங்கடம் |
| முன்னறிவு | கொஞ்சம் தேவை | தேவையில்லை | பாட்டைக் கேட்டிருந்தால் நல்லது | தேவையில்லை |
| கூட இருக்க | 13 வயதுக்கு மேல் | யாரும் | பொறுமைசாலிகள் | நெருங்கிய தோழி |
| மறைந்திருக்கும் விலை | தொடக்க வேகம், கடைசி ரத்தம் | ஊகிக்கக்கூடிய முடிவு | மெதுவான நடை | நீளம், காதல் முடிச்சு |
| வசன வரியில் இழப்பு | அதிகம் | கொஞ்சம் | ஓரிரு இடத்தில் நிறைய | குறைவு |

வயது என் கணக்கு, தணிக்கைச் சான்றிதழைச் சொல்லவில்லை.

அப்படியானால் எதை

வீட்டில் எல்லாரும் உட்காரும் மாலைக்கு ஸ்விங் கேர்ள்ஸ்தான். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியும், கூட இருப்பது பதின்வயதுப் பெண், அல்லது நீங்கள் மட்டும் என்றால் ஷிமோட்சுமா. மற்ற மூன்றிலும் நட்புக்கு ஒரு சாக்கு இருக்கிறது. குழு, மேடை, பழைய பழக்கம், ஏதோ ஒன்று இருவரையும் சேர்த்துவைக்கிறது. நம் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறோம்: டியூஷனில் பழகு, கராத்தே வகுப்பில் பழகு, உன்னைப் போல இருப்பவளோடு பழகு. உன்னைப் போல ஒரு அம்சமும் இல்லாதவள் வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்ததில்லை. மொமோகோவும் இச்சிகோவும் அதைத்தான் செய்து காட்டுகிறார்கள். யாரும் மற்றவளுக்காகத் தன்னை விட்டுக்கொடுப்பதில்லை. லேஸ் லேஸாகவே இருக்கிறது, அங்கி அங்கியாகவே இருக்கிறது.

ஷிமோட்சுமாவைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். கைபேசியில் பார்க்காதீர்கள். அந்த வயலின் பச்சையும் வானத்தின் நீலமும் வேண்டுமென்றே கூட்டிவைத்தவை, சின்னத் திரையில் கூசும். யோகோ கன்னோவின் பின்னணி இசைக்குக் காது கொடுங்கள். அனிமே பார்க்கும் பிள்ளைகளுக்கு 'கௌபாய் பெபாப்' வழியாக அந்தப் பெயர் தெரிந்திருக்கும், சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள். தேடும்போது இரண்டு பெயரையும் போட்டு, இயக்குநர் பெயரையும் 2004 என்ற ஆண்டையும் சரிபாருங்கள். இதே தலைப்பில் மாங்காவும் (ஜப்பானியப் படக்கதை) உண்டு. படம் பிடித்துப்போய், அதே இயக்குநரின் 'கன்ஃபெஷன்ஸ்' (2010) படத்தை அடுத்த நாளே பிள்ளைகளோடு போட்டுவிடாதீர்கள். அது ஒரு குழந்தையின் கொலையைச் சுற்றிய இருண்ட கதை. நாவலை முதலில் படிக்கலாமா என்று கேட்டால், படம் பார்த்தபின் படியுங்கள் என்பேன். மொமோகோவின் குரல் காதில் ஏறியபிறகு அந்தப் பக்கங்கள் தானாக ஓடும்.

அக்கா மகளுக்கு நான் கடைசியில் சொன்ன வரிசை: முதல் சனிக்கிழமை பாட்டியோடு ஸ்விங் கேர்ள்ஸ், அடுத்த சனிக்கிழமை நாங்கள் இருவர் மட்டும் ஷிமோட்சுமா. இரண்டாவது வாரம் படம் முடிந்ததும் அவள் நட்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "சித்தி, அந்தத் தையல் சீனை இன்னொரு தடவை போடேன்" என்றாள். போட்டேன். முடிந்ததும் அலமாரியில் இருந்த என் பழைய எம்பிராய்டரி வளையத்தை எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்டாள்.